பேஷ்வாவின் வாடா, இக்கெதாவின் தோட்டம்

ஹாரிஸ் பாலத்தின் நடைபாதையில் நின்றால் ஒரு கரையில் தாபோடி, மறு கரையில் போபோடி. நடுவே முளா ஆறு, கரையோரமெல்லாம் ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிறது. பழைய மும்பை - புனே நெடுஞ்சாலையின் லாரிகள் பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போகின்றன. மெட்ரோ ரயில் தூண்களின் மேலேறி ஆற்றைத் தாண்டுகிறது. போபோடிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வருகிறவர்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் குறைவு. நான் பார்க்கத்தான் வந்தேன். இந்தியாவின் பெரும்பகுதியை ஆட்டிவைத்த மராத்தியப் பேஷ்வாக்களின் அரசு ஒரே பிற்பகலில் நிலைகுலைந்தது இந்த ஆற்றங்கரையில்தான்.

1817 நவம்பர் 5. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை சில நாட்களுக்கு முன்புதான் புனே நகரத்தை ஒட்டியிருந்த தன் முகாமைக் காலி செய்துவிட்டுக் கட்கிக்கு வந்திருந்தது. போபோடிக்கு அடுத்த ஊர் அது. முளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தில் ஆங்கிலேய ரெசிடென்ட் எல்ஃபின்ஸ்டனின் மாளிகை இருந்தது. அன்று பிற்பகல் அவரும் அதைக் கைவிட்டு ஆற்றைக் கடந்து கட்கிப் படையோடு சேர்ந்தார். அவர் கிளம்பிய கையோடு மாளிகைக்குத் தீ வைக்கப்பட்டது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் தளபதி பாபு கோகலே, கணேஷ்கிண்ட் குன்றுகளின் பக்கமிருந்து குதிரைப்படையை இறக்கினார். கம்பெனிப் படை மூவாயிரத்துக்கும் குறைவு. எதிரே அதைப்போல் பல மடங்கு. கம்பெனிப் படையின் தளபதி கர்னல் பர் காத்திருக்கவில்லை, முன்னேறி வந்து மோதினார்.

அந்த நேரத்தில்தான் தாபோடியிலிருந்து கேப்டன் ஃபோர்டின் பட்டாளம் ஆற்றைக் கடந்து வந்து கம்பெனியின் பக்கம் நின்றது. இந்த விவரத்தை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஃபோர்டின் பட்டாளம் பேஷ்வாவின் கஜானாவிலிருந்து சம்பளம் வாங்கிய பட்டாளம். பேஷ்வாவுக்காகவே சில ஆண்டுகளுக்கு முன் திரட்டப்பட்டது. அதிகாரிகள் மட்டும் ஆங்கிலேயர்கள். பேஷ்வா கூலி கொடுத்து வளர்த்த பீரங்கிகள் பேஷ்வாவின் கொடியை நோக்கித் திரும்பின. ஜரீ பட்கா என்ற அந்தப் பொற்சரிகைக் கொடியைத் தாங்கிவந்த மோரோ தீட்சித் அன்று பீரங்கிக் குண்டுக்கு இரையானார். கோகலேயின் குதிரை வீரர்கள் பாய்ந்து வந்த வழியில் சதுப்பு நிலம் ஒன்று குறுக்கிட்டது. முன்வரிசைக் குதிரைகள் சேற்றில் இறங்கித் தடுமாற, பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோத, தாக்குதலின் வேகம் அங்கேயே செத்துப்போனது. கம்பெனித் தரப்பில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து 86 பேர். பேஷ்வா தரப்பில் சுமார் 500. பன்னிரண்டு நாள் கழித்து பேஷ்வாவின் மாளிகையான சனிவார் வாடாவின்மேல் ஆங்கிலேயக் கொடி ஏறியது.

பாலத்திலிருந்து போபோடிக்குள் திரும்பினால் இந்தப் போரை நினைவூட்ட எதுவும் கண்ணில் படுவதில்லை. தெருமுனைகளில் நீலக்கொடி, அம்பேத்கர் படம், புத்தர் படம், வடாபாவ் கடை. டீக்கடை ஒன்றில் தமிழ்ப் பேச்சு கேட்டுத் திரும்பினேன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கட்கிப் பக்கம் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். போர் நடந்த இடத்தைத் தேடி வந்ததாகச் சொன்னேன்.

"கட்கிச் சண்டையைப் பத்தி இங்க யாரும் பேச மாட்டாங்க தம்பி. ஆனா ஜனவரி ஒண்ணாம் தேதி பாருங்க, பாதித் தெரு கோரேகாவுக்குக் கிளம்பிடும்" என்றார்.

"நீங்களும் போவீங்களா ஐயா?"

"பேரன் கூட்டிட்டுப் போனான். கால் வலின்னு சொல்லியும் விடல."

கட்கிப் போருக்கு அடுத்த சில வாரங்களில், 1818 ஜனவரி 1 அன்று, பீமா ஆற்றங்கரைக் கோரேகாவில் கம்பெனியின் சிறுபடை ஒன்று பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுக்கத் தடுத்து நிறுத்தியது. அந்தச் சிறுபடையில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மகர் சாதியினர் கணிசமாக இருந்தார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்குள்ள நினைவுத்தூணுக்கு வந்தார். அன்றிலிருந்து அது யாத்திரை. ஓர் அரசின் வீழ்ச்சியை ஒரு தரப்பு துக்கமாகவும் இன்னொரு தரப்பு விடுதலையாகவும் நினைவில் வைத்திருக்கும் ஊர் இது. சனிவார் வாடாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது பிடிபடாது. போபோடியிலிருந்து தொடங்கினால் பிடிபடும்.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புனேயின் சிங்ககட் சாலையில் ஜப்பானிய முறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. நகரத்தார் அதை பு.ல. தேஷ்பாண்டே பூங்கா என்பார்கள். புனே - ஓக்கயாமா நட்புத் தோட்டம் என்றும் பெயருண்டு. ஜப்பானின் ஓக்கயாமா நகரில் கோட்டைக்கு எதிர்க்கரையில் இருக்கும் கொராக்குவென் தோட்டத்தை முன்மாதிரியாக வைத்து அமைத்தது. கொராக்குவென் ஒரு குறுநில மன்னரின் தோட்டம். பேஷ்வாக்கள் வாழ்ந்த ஊரில் ஜப்பானியக் குறுநில மன்னர் ஒருவரின் தோட்டச் சாயல் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டு அரசுகளின் கதையையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றுக்கு வெளிச்சம் காட்டுகிறது.

போபோடியில் மெட்ரோ ஏறினேன். ரேஞ்ச் ஹில்ஸ் தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்குகிறது. கசபா பேட் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் புனேயின் மிகப் பழைய குடியிருப்பு. இங்குதான் சிவாஜி சிறுவனாக வளர்ந்த லால் மகால் இருந்தது. இப்போது இருப்பது 1980-களில் கட்டிய புதுக் கட்டடம்.

புனே அந்தக் காலத்தில் ஒரு ஜாகீர். அகமதுநகர் நிஜாம்ஷாகி சுல்தான்கள் போன்ஸ்லே குடும்பத்து மாலோஜிக்குக் கொடுத்தது, மகன் ஷாகாஜிக்கு வந்தது. 1630-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிஜாப்பூரின் முரார் ஜக்தேவ் ஊரைத் தரைமட்டமாக்கிக் கழுதை பூட்டி உழுதார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. எதிரியின் ஊரைக் கழுதை ஏரால் உழுவது புறநானூற்றுக் காலத்து வழக்கம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ல் கம்பெனி இடித்து ஆமணக்கு விதைத்தது என்று நம் பக்கத்தில் சொல்வதும் இதே வகைதான். பாழான அந்த ஊருக்குத்தான் தாய் ஜிஜாபாய் சிறுவன் சிவாஜியோடு வந்தார்.

ஷாகாஜியின் இன்னொரு மகன் வேங்கோஜி தஞ்சாவூரைப் பிடித்தார். 1677-ல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியையும் வேலூரையும் கைக்கொண்டு, கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்துச் சொத்தில் பங்கு கேட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803-ல் வெட்டுவித்த நீண்ட மராத்திக் கல்வெட்டு, இந்த போன்ஸ்லே குடும்பத்தின் வரலாறு. கோயிலுக்குப் போகிற நம்மவர்கள் அதைக் கடந்துதான் போகிறோம்.

சிவாஜியின் பேரன் ஷாகு சதாராவில் அரசர். அவருடைய முதலமைச்சர்தான் பேஷ்வா. 1720-ல் பத்தொன்பது வயதில் பேஷ்வா ஆன முதலாம் பாஜிராவ் புனேயைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார். 1730 ஜனவரி 10, சனிக்கிழமை, சனிவார் வாடாவுக்கு அடிக்கல். 1732 ஜனவரி 22, அதுவும் சனிக்கிழமை, கிரகப்பிரவேசம். அந்த முதல் கட்டத்துக்கான செலவு 16,110 ரூபாய்.

வாடாவின் வடக்கு வாசலான தில்லி தர்வாஜாவின் முன் நின்று அண்ணாந்து பார்த்தேன். அம்பாரியோடு யானை நுழையும் உயரம். கதவு ஒவ்வொன்றிலும் எழுபத்திரண்டு இரும்பு முட்கள், வரிசைக்கு எட்டாக ஒன்பது வரிசை, ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு மேல். போர்யானை முட்டினால் நெற்றி படும் உயரத்தில் தைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு முள்ளின் அடியும் பட்டையாக அகன்று மரத்தோடு பொருந்தியிருக்கிறது; நுனி இன்றும் கூர் மழுங்கவில்லை. பெரிய கதவுக்குள் ஒரு சிறு திட்டிவாசல். தலை குனிந்து, வலது காலை முதலில் உள்ளே வைத்துத்தான் யாரும் நுழைய முடியும். அப்படி நுழைகிறவன் கையில் வாள் இருந்தாலும் பயனில்லை.

மதிலின் அடிப்பகுதி கருங்கல், மேலே செங்கல். இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். வாடா முழுவதையும் கல்லால் எழுப்பத்தான் பாஜிராவ் நினைத்தாராம். கல்லால் கட்டும் உரிமை அரசருக்கே என்று சதாராவிலிருந்து ஷாகு தடுத்துவிட்டதால் மீதி செங்கல்லாயிற்று என்பது கதை. வடக்கு வாசல் தில்லியைப் பார்த்து நிற்பது பாதுஷாவுக்குச் சவால் விடுவதுபோல் ஆகும் என்றும் ஷாகு தயங்கியதால், அந்த வாசல் வேலை பாஜிராவின் மகன் நானாசாகேப் காலத்தில்தான் முடிந்தது என்பார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அதற்குள் இருக்கும் உறவு உண்மை. வாளும் வரியும் பேஷ்வாவிடம், பட்டமும் முத்திரையும் அரசரான சத்ரபதியிடம்.

ஜப்பானிலும் இதே ஏற்பாடுதான். கியோட்டோவில் பேரரசர், எதோ நகரில் ஆட்சியை நடத்தும் ஷோகன். ஷோகனுக்குக் கீழே இருநூற்றுக்கும் மேற்பட்ட டைம்யோக்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு குறுநிலம். அதன் பெருமையை அரிசியில் அளந்தார்கள்: ஒரு கொகு என்பது ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். ஓக்கயாமா 3,15,000 கொகு. கோட்டை விஷயத்தில் ஷோகன்கள் ஷாகுவைவிடக் கறார். 1615-ல் ஒரு குறுநிலத்துக்கு ஒரு கோட்டைதான் என்று சட்டம் போட்டார்கள். பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். வெள்ளத்தில் சேதமான ஹிரோஷிமா கோட்டையை முறையான அனுமதியில்லாமல் செப்பனிட்டதற்காக ஃபுகுஷிமா மசனோரி என்ற பெரிய டைம்யோ 1619-ல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் கொகு மண்ணை இழந்தார்.

டைம்யோக்கள் ஓராண்டு எதோவிலும் ஓராண்டு சொந்த மண்ணிலும் மாறி மாறி வாழ வேண்டும் என்றும், மனைவி மக்கள் எதோவிலேயே இருக்க வேண்டும் என்றும் விதி. பணயக்கைதி ஏற்பாடுதான் இது. பேஷ்வாக்களுக்குக் கீழே இருந்த சிந்தியா, ஹோல்கர், கெய்க்வாட், நாக்பூர் போன்ஸ்லே ஆகியோரிடம் இப்படிப்பட்ட பிடி எதுவும் இல்லை. படை வைத்துக்கொள்ளக் கொடுத்த சரஞ்சாம் நிலங்கள் குடும்பச் சொத்தாயின, குடும்பங்கள் அரசுகளாயின. 1802 அக்டோபரில் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் புனேயின் மேலேயே படையெடுத்து வந்தார். ஓடிப்போன இரண்டாம் பாஜிராவ் அந்த ஆண்டின் கடைசி நாளில் வசாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆங்கிலேயப் படையின் தயவில் திரும்பி வந்தார். கட்கியின் தோல்வி அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். தோகுகவா ஷோகன்கள் கொடுமையான நிர்வாகிகள்தான். ஆனால் இரண்டரை நூற்றாண்டு உள்நாட்டுப் போரைத் தடுத்தார்கள்.

வாடாவுக்குள் இப்போது புல்வெளியும் கல் அடித்தளங்களும்தான். ஏழு அடுக்கு எழும்பிய மாளிகை இது. 1773 ஆகஸ்ட் 30 அன்று பதினெட்டு வயதுப் பேஷ்வா நாராயண்ராவைக் காவலர்களான கார்டிகளே வெட்டிக் கொன்றார்கள். சித்தப்பா ரகுநாத்ராவின் சதி. 1795-ல் இருபத்தொரு வயதுப் பேஷ்வா சவாய் மாதவ்ராவ் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். இந்த இரண்டு சாவுகளையும் வைத்து இங்கே பேய்க்கதை விற்கிறார்கள். அந்தப் பையன்களுக்குச் செய்யும் மரியாதை அது இல்லை.

என்னை நிறுத்திவைத்தது ஹசாரி காரஞ்சே. பதினாறு இதழ்த் தாமரையாகச் செதுக்கிய நீரூற்று. தண்ணீர் இல்லாத நாளில் பார்ப்பது ஒருவகையில் நல்லது. இதழ்களின் ஓரத்தில் நீர் பீறிடும் துளைகள் தெளிவாகத் தெரியும். ஏற்றமோ எந்திரமோ இல்லாமல் இந்த உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது? 1750 வாக்கில் நானாசாகேப் பேஷ்வா தெற்கே கட்ரஜ் மலையடியில் ஓடையை மறித்து மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஏரிகள் கட்டினார். மேல் ஏரியில் வண்டல் தங்கும். தெளிந்த நீர் கீழ் ஏரிக்கு வரும். அங்கிருந்து நிலத்துக்கடியில் கட்டிய கால்வாய் வழியே, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற சரிவை மட்டும் நம்பி, எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி நகரத்துக்கு வந்தது. வழியில் காற்றும் அழுத்தமும் வெளியேற ஆங்காங்கே தூண்போல எழுப்பிய போக்கிகள். கால்வாய்க்குள் இறங்கி ஆள் நடந்து தூர் வாரலாம். பேட்டைகள்தோறும் ஹௌது எனப்படும் தொட்டிகளில் இந்தத் தண்ணீரை நிரப்பினார்கள். கோட்டை போயிற்று. 1828 பிப்ரவரி 27 அன்று பிடித்த தீ நாட்கணக்கில் எரிந்து மாளிகையை முழுதாகத் தின்றது. கால்வாயின் பகுதிகள் இன்றும் புனேயின் தெருக்களுக்கடியில் இருக்கின்றன. சாலைக்கும் அடுக்குமாடிக்கும் பள்ளம் தோண்டும்போது அவை உடைபடுவது எனக்குத் தாங்கவில்லை. சனிவார் வாடாவின் மதிலுக்கு இருக்கும் பாதுகாப்பு இந்தக் கால்வாய்க்கும் வேண்டும்.

பர்வதி மலைக்கு ஆட்டோவில் போனேன். அகலமான கற்படிகள், ஒவ்வொரு படியும் யானை ஏறுவதற்காக வைத்ததுபோல் நீளம். நானாசாகேப் கட்டிய கோயில் உச்சியில். பானிபட் போரில் 1761 ஜனவரி 14 அன்று மகனையும் சித்தப்பா மகனையும் ஒரு தலைமுறையையும் பறிகொடுத்து, சில மாதங்களில் அவர் உயிர்விட்டது இந்த மலையில்தான். கட்கிப் போரை இரண்டாம் பாஜிராவ் இங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் ஜான் மால்கமிடம் சரணடைந்து, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தில் கான்பூரை அடுத்த பிட்டூருக்குப் போய், 1851 வரை உயிரோடிருந்தார். புனேயைத் திரும்பப் பார்க்கவேயில்லை.

மலையிலிருந்து சிங்ககட் சாலைத் தோட்டம் தூரமில்லை. நுழைந்த உடனே சத்தம் குறைகிறது. மேட்டில் தொடங்கும் ஓடை கற்களுக்கிடையில் வளைந்து வளைந்து வந்து குளத்தில் சேர்கிறது. புல்லில் கால் வைத்த ஒரு பையனைப் பார்த்துக் காவலர் விசில் ஊதினார். ஆரஞ்சும் வெள்ளையுமான மீன்களுக்காகச் சிறு மரப்பாலத்தில் குழந்தைகள் குப்புறப் படுத்திருந்தார்கள். குளத்தைச் சுற்றி ஒரே இடத்திலிருந்து முழுத் தோட்டமும் தெரிந்துவிடாதபடி மேடுகளை வைத்திருக்கிறார்கள். நடக்க நடக்கத்தான் காட்சி பிரிகிறது. டைம்யோ தோட்டக் கலையின் சாரமே அதுதான்.

மூலத் தோட்டமான கொராக்குவெனை ஓக்கயாமாவின் டைம்யோ இக்கெதா ட்சுனமசா 1687-ல் தொடங்கினார்; 1700-ல் முடிந்தது. வேலையை நடத்தியவர் ட்சுதா நகததா என்ற அதிகாரி. அசாகி ஆற்றின் ஒரு கரையில் ஓக்கயாமா கோட்டை, நடுவில் ஆறு, மறுபுறம் தோட்டம். கோட்டைக்கு வெளிச்சுவர் கறுப்பு. காக்கைக் கோட்டை என்று ஜப்பானியர் அழைப்பார்கள். அதைக் கட்டி 1597-ல் முடித்தவர் உகிதா ஹிதேயியே. மூன்றே ஆண்டில் செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் நின்று, தீவாந்தரமாக ஹச்சிஜோ தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1655 வரை வாழ்ந்து முடிந்தார். கோட்டை கைமாறிக் கைமாறி இக்கெதாக்களிடம் வந்தது. 1632-ல் வந்த இக்கெதா மிட்சுமசா குடியானவர் பிள்ளைகளும் படிக்க 1670-ல் ஷிசுத்தானி பள்ளியைத் தொடங்கினார். 1654 வெள்ளத்தில் ஊர் மூழ்கியதற்குப் பிறகு, வெள்ள நீரைத் திருப்பிவிடத் தனியே ஒரு வடிகால் ஆறே வெட்டினார்கள். அதிலும் நகததாவின் கை உண்டு.

1871-ல் ஜப்பான் அரசு குறுநிலங்களை ஒரே ஆணையில் ஒழித்தது. இக்கெதாக்களும் மற்ற டைம்யோக்களும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கட்கியைப்போல ஒரு போர் ஓக்கயாமாவில் நடக்கவில்லை. 1873-ல் பெரும்பாலான கோட்டைகளைக் கலைக்க உத்தரவு. ஓக்கயாமாவின் கறுப்புக் கோபுரம் அதில் தப்பி, 1945 ஜூன் 29 அமெரிக்க விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. 1966-ல் கான்கிரீட்டில் திரும்ப எழுப்பினார்கள். சனிவார் வாடாவையும் அப்படி எழுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அடித்தளக் கற்களில் அறைகளின் அளவும் வாய்க்கால்களின் போக்கும் தெரிகின்றன. கான்கிரீட் அதை மூடிவிடும்.

ஓக்கயாமாவின் கதையில் கோட்டை, தோட்டங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1855-ல் அங்கிருந்த குறுநில அரசு ஓர் ஆணை போட்டது. தோல் வேலை, பிணம் அகற்றும் வேலை ஆகியவற்றோடு சேர்த்து இழிந்தவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த மக்கள், பூவேலை எதுவுமில்லாத, அவுரி நீலமோ சீமைப்பனிச்சைச் சாறு தோய்த்த பழுப்போ ஆன துணிதான் உடுக்க வேண்டும். அவர்களும் நிலம் உழுது வரி கட்டியவர்கள். 53 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி விண்ணப்பம் எழுதினார்கள். அரசு திருப்பி அனுப்பியது. 1856 கோடையில் சுமார் 1,500 பேர் யோஷி ஆற்றங்கரையில் திரண்டு மனுவை வாங்கவைத்தார்கள். தலைவர்கள் பன்னிரண்டு பேர் சிறைப்பட்டு, ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். அந்த ஆணை நடைமுறைக்கு வரவேயில்லை.

இதைப் படித்த எந்த இந்தியருக்கும் புனே நினைவுக்கு வரும். பேஷ்வா தலைநகரில் தீண்டத்தகாதவர்கள் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்சட்டியும், கால்தடத்தைக் கூட்டிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதினார். போபோடியின் பாதித் தெரு ஏன் கோரேகாவுக்குக் கிளம்புகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஷிசுத்தானிப் பள்ளியும் கட்ரஜ் கால்வாயும் பெரிய காரியங்கள்தான். ஆனால் கால்வாய்த் தண்ணீர் யார் குடத்துக்குப் போனது, பள்ளியின் வாசல் யாருக்கு மூடியிருந்தது என்று கேட்காமல் ஓர் அரசின் கணக்கை முடிக்கக் கூடாது.

அதனால் தோட்டத்திலிருந்து கஞ்ச் பேட்டைக்குப் போனேன். ஜோதிராவ், சாவித்ரிபாய் ஃபுலே வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. ஓட்டுக்கூரை, திண்ணை, சிறு முற்றம், முற்றத்தில் நீர்நிலை. கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு மிகச் சிறிய வீடு. 1848-ல், சனிவார் வாடாவிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பிடே வாடாவில், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர்கள் இவர்கள். 1868-ல், வாடா எரிந்து நாற்பது ஆண்டுக்குப் பின், ஜப்பானில் கடைசி ஷோகனின் ஆட்சி முடிந்த அதே ஆண்டில், ஃபுலே தன் வீட்டுத் தண்ணீரைத் தீண்டத்தகாதவர் எனப்பட்ட எல்லோருக்கும் திறந்துவிட்டார். சொந்தச் சாதிக்காரர்களின் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே செய்தார். ஓக்கயாமா மக்கள் கேட்டதற்கான பதில் 1871 அக்டோபரில் வந்தது. அந்த இழிபெயர்களையும் சட்டவேறுபாட்டையும் ஜப்பான் அரசு ஓர் ஆணையால் நீக்கியது. புறக்கணிப்பு அதோடு நிற்கவில்லை, இங்கே நிற்காததைப்போலவே.

ஃபுலே வீட்டுக்கு நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்திருந்தார்கள். ஆசிரியை மராத்தியில் 1868-ஐச் சொல்லி, ஒவ்வொருவரையும் அந்தத் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிப்போய்க் காட்டினார். சனிவார் வாடா வாசலில் வந்து நிற்கும் சுற்றுலாப் பேருந்துகள் இங்கே வருவதில்லை. வரவேண்டும். மண்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.